ஏற்றுமதியில் பணம் வரும் வழிகளும் ஒப்பந்தமும்: புதிதாக இறங்குவோருக்கு

தாராவியில் தோல் பை தைக்கும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஹாம்பர்க்கிலிருந்து ஓர் ஆர்டர் வருகிறது: 2,000 பைகள், ஒன்று 18 டாலர், ஆக மொத்தம் 36,000 டாலர். பதப்படுத்திய தோல் ராணிப்பேட்டையிலிருந்து வர வேண்டும். ஜிப்பும் கொக்கியும் மும்பையிலேயே வாங்கிக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு பேர் வாரக்கணக்கில் உட்கார்ந்து தைக்க வேண்டும். இத்தனைக்கும் பணம் போடுபவர் பட்டறைக்காரர். நவ சேவா துறைமுகத்தில் கப்பலேறிய பெட்டி ஹாம்பர்க் போய்ச் சேர மூன்று நான்கு வாரம் ஆகும்; கப்பல் செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் இன்னும் கூடும். வாங்குபவரை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை.

மும்பையில் ஏற்றுமதி ஆவண வேலையில் இருப்பதால், தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் முலுண்டிலிருந்தும் புதிதாக இந்தத் தொழிலில் இறங்கும் நம்மவர்கள் பலரோடு பேசுகிறேன். பெரும்பாலோர் முதலில் கேட்பது, இறக்குமதி ஏற்றுமதி செய்யத் தேவையான ஐ.இ.சி. எண் எப்படி வாங்குவது என்பதைத்தான். அது எளிது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்தால் கிடைத்துவிடும். இப்போதெல்லாம் பான் எண்ணேதான் ஐ.இ.சி. எண். கேட்க வேண்டிய கேள்வி வேறு: சரக்கு என் கையை விட்டுப் போகும் நேரத்துக்கும் பணம் என் கைக்கு வரும் நேரத்துக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில் என்னிடம் பிடிமானமாக என்ன இருக்கிறது?

சர்வதேச வர்த்தகத்தில் உள்ள பண வழிகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குத் தரப்பட்ட வெவ்வேறு பதில்கள்தான். இடைவெளியின் சுமையை ஒரு வழி வாங்குபவர் தலையில் வைக்கும், இன்னொன்று விற்பவர் தலையில் வைக்கும், வேறொன்று வங்கியை நடுவில் நிறுத்தும்.

இரண்டு ஓரங்கள்

ஓர் ஓரத்தில் முன்பணம். முழுத் தொகையும் வந்த பிறகுதான் தோலையே வெட்டுவது. விற்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. அதனாலேயே வாங்குபவர் ஒப்புக்கொள்வது அரிது. மாதிரிச் சரக்குக்கும் சின்ன ஆர்டருக்கும் தயங்காமல் முழு முன்பணம் கேட்கலாம். பெரிய ஆர்டரில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய முன்பணம் என்பது இந்தத் தொழிலில் வெட்கப்படாமல் கேட்கக்கூடிய ஒன்று.

மறு ஓரத்தில் கடன் கணக்கு. ஓப்பன் அக்கவுன்ட் என்பார்கள். சரக்கை அனுப்பி, ஆவணங்களையும் நேராக வாங்குபவருக்கே அனுப்பிவிட்டு, 60 நாளோ 90 நாளோ காத்திருப்பது. உலக வர்த்தகத்தின் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது என்று வாங்குபவர்கள் சொல்வார்கள், அது பொய்யில்லை. ஆனால் அது நெடுநாள் பழக்கம் உள்ளவர்களுக்கும், தாய் நிறுவனம் கிளை நிறுவனத்துக்கு விற்பதற்கும் சரிப்படும். முதல் ஆர்டரிலேயே கடன் கணக்கு கேட்பவர், தம் வியாபாரத்துக்கு நம் பட்டறையிடம் வட்டியில்லாக் கடன் கேட்கிறார் என்று பொருள்.

ஆவணங்களை வங்கி வழியாக அனுப்புவது

இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளதைப் புரிந்துகொள்ள, முதலில் பில் ஆஃப் லேடிங் என்ற தாளைப் புரிந்துகொள்ள வேண்டும். கப்பல் நிறுவனம் சரக்கை வாங்கிக்கொண்டதற்குத் தரும் ஆவணம் இது. ரசீதாகவும் இருக்கும், ஏற்றிச் செல்லும் ஒப்பந்தத்துக்குச் சான்றாகவும் இருக்கும். மூன்றாவதாக இதற்கு ஒரு பலம் உண்டு: 'டு ஆர்டர்' என்று எழுதப்பட்டிருந்தால், மூலப் பிரதியைக் கொண்டுவந்து கொடுப்பவருக்குத்தான் துறைமுகத்தில் சரக்கு கிடைக்கும். கோயில் வாசலில் செருப்பை விட்டு வாங்கும் டோக்கன் மாதிரி. யார் டோக்கனை நீட்டுகிறாரோ அவருக்கே செருப்பு. வழக்கமாக மூன்று மூலப் பிரதிகள் தருவார்கள், ஒன்றைக் காட்டினாலே சரக்கை விடுவித்துவிடலாம். எனவே மூன்றும் ஒரே கையில் இருக்க வேண்டும்.

இந்தத் தாளையும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் சான்றிதழ் முதலியவற்றையும் நம் வங்கியிடம் கொடுக்கிறோம். அது வாங்குபவரின் வங்கிக்கு அனுப்பி வைக்கிறது, ஒரு நிபந்தனையோடு. பணம் கட்டினால்தான் ஆவணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது டி.பி. முறை. ஒரு மாற்றுச்சீட்டில், இத்தனை நாளில் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலே கொடுத்துவிடலாம் என்பது டி.ஏ. முறை. இரண்டுக்கும் பொதுவிதி, பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தகச் சபை வெளியிட்ட யூ.ஆர்.சி. 522. அது 1996 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது.

கேட்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. டி.பி.யில் காசு வரும்வரை சரக்கின் மீதான பிடி நம்மிடம் இருக்கிறது. டி.ஏ.யில் கையெழுத்து விழுந்த நிமிடமே பிடி போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு வாக்குறுதி. இரண்டு முறையிலும் வங்கி வெறும் தபால்காரர்தான், பணம் வருவதற்கு அது பொறுப்பேற்பதில்லை. வங்கி வழியாகப் போகிறது, அதனால் கவலையில்லை என்று பலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை.

டி.பி.யிலும் ஒரு வலி உண்டு. வாங்குபவர் மனம் மாறி ஆவணத்தை எடுக்காமலே விட்டால், சரக்கு நம்முடையதுதான். ஆனால் அது ஹாம்பர்க்கில் கிடக்கிறது. துறைமுகக் கட்டணமும் கன்டெய்னர் தாமதக் கட்டணமும் நாளுக்கு நாள் ஏறும். திரும்ப எடுத்து வரக் கப்பல் கட்டணம் கட்ட வேண்டும். சில நாடுகளில் முதல் இறக்குமதியாளரின் சம்மதம் இல்லாமல் சுங்கத்துறை திருப்பி அனுப்பவே விடாது. இதைத் தெரிந்துகொண்டு சரக்கு துறைமுகம் சேர்ந்த பிறகு விலையைக் குறைக்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். முன்பணம் வாங்கியிருந்தால் இந்த மிரட்டலின் வேகம் பாதியாகக் குறைந்துவிடும்.

இனி, புதியவர்கள் அடிபடும் இரண்டு இடங்கள்.

முதலாவது விமானம். அவசரம் என்று வாங்குபவர் சொல்ல, சரக்கை சஹார் விமானச் சரக்கு நிலையத்தில் ஏற்றிவிட்டு, டி.பி. முறையில் ஆவணங்களை வங்கியில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஏர்வே பில் உரிமை ஆவணம் இல்லை. அதில் பெறுநர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் விமான நிறுவனம் சரக்கைக் கொடுத்துவிடும். மூலப் பிரதியைக் கேட்காது. ஆவணம் வங்கிப் பெட்டியில் பத்திரமாகத் தூங்கும், பைகள் கடையில் விற்றுக்கொண்டிருக்கும். விமானத்தில்தான் போக வேண்டுமானால் பணத்தை முன்பே வாங்க வேண்டும். அல்லது வெளிநாட்டு வங்கியின் சம்மதத்தை முன்கூட்டியே பெற்று, அந்த வங்கியையே பெறுநராகக் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது, வாங்குபவர் சொல்லும் ஃபார்வர்டர், அதாவது சரக்கை அனுப்பி வைக்கும் ஏற்பாட்டைச் செய்யும் நிறுவனம். கப்பல் கட்டணத்தை அவர் கட்டுகிறார், அதனால் அவருடைய ஃபார்வர்டர் சரக்கை எடுத்துக்கொள்கிறார். நமக்குக் கிடைப்பது கப்பல் நிறுவனத்தின் பில் ஆஃப் லேடிங் இல்லை. அந்த ஃபார்வர்டர் அச்சிட்டுத் தரும் ஹவுஸ் பில். கப்பல் நிறுவனத்தின் பில் அவர்களிடமே இருக்கும். நேர்மையான ஃபார்வர்டர் மூலப் பிரதி வராமல் சரக்கை விடமாட்டார். நேர்மையில்லாதவர் தமக்குத் தினமும் வேலை தரும் வாடிக்கையாளரின் பேச்சைக் கேட்பார். இரவு பகலாகத் தைத்தவர்களின் கூலி இப்படிப் போய்விடுவதைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபம் சொல்லி மாளாது. டி.பி. முறையில் விற்றால் கப்பலை நாமே அமர்த்தும் விலைக்கு ஒப்புக்கொள்வது நல்லது. கூடுதல் கட்டணத்தை விலையிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

எல்.சி.: வங்கி தரும் வாக்கு

லெட்டர் ஆஃப் கிரெடிட் என்னும் எல்.சி.யில்தான் வங்கி தன் சொந்த வாக்கைக் கொடுக்கிறது. சொன்ன ஆவணங்களை, சொன்ன தேதிக்குள், சொன்னபடி கொண்டுவந்தால், வாங்குபவர் கட்டினாலும் கட்டாவிட்டாலும் நான் பணம் தருகிறேன் என்கிறது வாங்குபவரின் வங்கி. உலகெங்கும் இதற்கு யூ.சி.பி. 600 விதிகள் பொருந்தும். இவையும் சர்வதேச வர்த்தகச் சபையினுடையவை; 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கின்றன, மொத்தம் 39 விதிகள். அவற்றின்படி, தனியாகச் சொல்லாவிட்டாலும் எல்.சி. என்பது ஒருதலைப்பட்சமாகத் திரும்பப் பெற முடியாத ஒன்று.

இந்த விதிகளில் இரண்டை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். நான்காம் விதி: எல்.சி. வேறு, விற்பனை ஒப்பந்தம் வேறு, எல்.சி.யில் ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டிருந்தாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஐந்தாம் விதி: வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே, சரக்கை இல்லை. பை அருமையாக இருக்கிறதா, தோல் நல்ல தோலா என்பதெல்லாம் வங்கிக்குத் தேவையில்லை. இன்வாய்ஸில் எழுத்து சரியாக இருக்கிறதா என்பதுதான் தேவை.

சோழமண்டலக் கரையின் வேர்க்கடலை இதற்கு ஒரு வழக்காகவே மாறியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டனின் ஹாம்ப்ரோஸ் வங்கி மீது போடப்பட்ட வழக்கு அது. எல்.சி.யில் 'கோரமண்டல் நிலக்கடலை' என்று இருந்தது. பில் ஆஃப் லேடிங்கில் 'இயந்திரத்தில் உடைத்த நிலக்கடலைப் பருப்பு' என்று இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று அந்த வியாபாரத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். வங்கி பணம் தர மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் வங்கி செய்தது சரி என்றது. ஒவ்வொரு தொழிலின் பரிபாஷையையும் வங்கிக்காரர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பது நீதிமன்றத்தின் நிலை. இன்றைய விதிகள் கொஞ்சம் தளர்ந்திருக்கின்றன: இன்வாய்ஸில் மட்டும் எல்.சி.யில் உள்ள சரக்கு விவரம் அப்படியே பொருந்த வேண்டும்; மற்ற ஆவணங்களில் முரண்படாத பொதுச் சொற்கள் இருந்தால் போதும். ஆனாலும் அந்தக் கண்டிப்பின் உயிர் போகவில்லை.

அப்படியானால் குப்பையை அனுப்பிவிட்டு ஆவணத்தை மட்டும் அழகாகத் தயாரித்தால் பணம் கிடைத்துவிடுமா? இதற்கும் நம் நாட்டிலிருந்து போன ஒரு சரக்கே பதில் தந்திருக்கிறது. லக்னோவிலிருந்து தூரிகை முடி வாங்க நியூயார்க் வியாபாரி ஒருவர் எல்.சி. திறந்தார். 50 பெட்டிகளில் மாட்டு முடியும் குப்பையும் அனுப்பப்பட்டதாக அவர் நீதிமன்றம் போனார். 1941இல் நியூயார்க் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதுதான்: தரக்குறைவு என்ற தகராறு வேறு, அப்பட்டமான மோசடி வேறு, பணம் தருவதற்கு முன்பே மோசடி தெரியவந்தால் வங்கியின் கையைக் கட்டிவைக்க முடியாது. இன்றும் பல நாட்டு நீதிமன்றங்கள் பின்பற்றும் விதிவிலக்கு அது.

எல்.சி. உங்கள் வங்கிக்கு, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக, எம்.டி. 700 என்ற செய்தியாக வரும். மின்னஞ்சலில் வாங்குபவர் அனுப்பும் பி.டி.எஃப். நகலுக்கு மதிப்பில்லை, உண்மையான எல்.சி.யா என்று பார்த்து அறிவிப்பது உங்கள் பக்கத்து வங்கியின் வேலை. அந்தச் செய்தியில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண் இருக்கும். அச்சிட்டுக் கையில் எடுத்ததும் நான் பார்க்கும் வரிசை இது. 59இல் நம் நிறுவனத்தின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா? 44சி கடைசிக் கப்பல் தேதி. தோல் வந்து தைத்து முடிக்க அந்த நாள் போதுமா? 31டி எல்.சி. காலாவதியாகும் தேதியும் இடமும். இடம் இந்தியா என்று இருக்க வேண்டும், ஜெர்மனி என்று இருந்தால் ஆவணம் அங்கே போய்ச் சேரும் நாளும் நம் கணக்கில் கழியும். 48 ஆவணம் கொடுக்கும் கெடு. எதுவும் எழுதவில்லை என்றால் கப்பலேறிய நாளிலிருந்து 21 நாள். 45ஏ சரக்கு விவரம். பிறகு 46ஏ, 47ஏ. கேட்கும் ஆவணங்களும் கூடுதல் நிபந்தனைகளும். பொறி இருந்தால் இந்த இரண்டில்தான் இருக்கும்.

ஒரு பொறியை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 46ஏயில் ஐந்தாவது வரியாக இப்படி இருக்கும்: வாங்குபவரின் பிரதிநிதி கையெழுத்திட்ட ஆய்வுச் சான்றிதழ், அந்தக் கையெழுத்து எல்.சி. திறந்த வங்கியில் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்திருக்க வேண்டும். படிக்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் பிரதிநிதி வரவில்லை என்றால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லை என்றால் பணம் இல்லை. வங்கியின் வாக்கு என்று நாம் நினைத்தது வாங்குபவரின் விருப்பமாக மாறிவிட்டது. நம் கையில் இல்லாத எந்த ஆவணத்தையும் எல்.சி. கேட்கக் கூடாது. ஆய்வு வேண்டுமென்றால் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு பொது ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழ் என்று மாற்றச் சொல்லலாம். மாற்றம் கேட்க வேண்டிய நேரம் எல்.சி. வந்த அன்றுதான், சரக்கு கப்பலேறிய பிறகு கேட்டால் யாரும் செவிசாய்க்க மாட்டார்கள்.

ஆவணத்தைக் கொடுத்த பின் வங்கிக்குப் பரிசோதிக்க ஐந்து வங்கி வேலை நாட்கள் உண்டு. பிழை கண்டால் மறுக்கலாம். பிழைக் கட்டணம் என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். பிழையுள்ள ஆவணத்துக்கு வங்கியின் வாக்கு பொருந்தாது. வாங்குபவர் பிழையைப் பொறுத்துக்கொண்டு சம்மதித்தால்தான் பணம். அதாவது எல்.சி.க்கு உண்டான செலவு எல்லாம் செய்துவிட்டு, டி.பி. முறையின் பாதுகாப்போடு நிற்கிறோம்.

எல்.சி. திறக்கும் வங்கி எந்த நாட்டில் இருக்கிறது என்பதும் முக்கியம். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு உள்ள நாட்டின் வங்கி நேர்மையாகவே இருந்தாலும் டாலர் அனுப்ப முடியாமல் போகலாம். அத்தகைய இடங்களுக்கு 'கன்ஃபர்ம்டு' எல்.சி. கேட்பார்கள், இன்னொரு நல்ல வங்கியும் தன் வாக்கைச் சேர்க்கும், அதற்குத் தனிக் கட்டணம். ஜெர்மன் வங்கிக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது. தொகை சின்னதாக இருந்தால் எல்.சி.யே வேண்டாம் என்பேன். திறக்கும் கட்டணம், அறிவிக்கும் கட்டணம், பரிசோதனைக் கட்டணம் என்று இரு பக்கமும் போய், லாபம் கரைந்துவிடும்.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்

வங்கி ஒப்பந்தத்தைப் படிக்காது என்று பார்த்தோம். அதனால் ஒப்பந்தத்தில் பேசி வைத்தது எதுவோ அதுவே எல்.சி.யிலும் எழுத்தாக வரும்படி நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்.சி. எப்படி இருக்க வேண்டும் என்ற விவரத்தை, எந்தத் தேதிக்குள் திறக்க வேண்டும் என்பது உட்பட, ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்ல பழக்கம். எல்.சி. வந்து, படித்து, சரி என்று ஏற்ற பிறகே தோல் வாங்குவோம் என்ற வரியும் அதோடு இருக்கட்டும்.

சின்னப் பட்டறைகளில் ஒப்பந்தம் என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. சரக்கு அனுப்பும் முன்பே விலையும் விவரமும் எழுதித் தரும் புரொஃபார்மா இன்வாய்ஸை அனுப்புவார்கள், எதிர்த்தரப்பு சரி என்று மின்னஞ்சல் அனுப்பும், வேலை தொடங்கிவிடும். சட்டப்படி அதுவும் ஒப்பந்தம்தான். ட்ரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் நிறுவனங்களுக்கு இடையிலான பாக்சைட் வழக்கில், மின்னஞ்சல்களிலேயே ஒப்பந்தம் முடிவாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. ஆகவே போகிறபோக்கில் அனுப்பும் 'ஓகே' என்ற ஒரு சொல்லுக்குக்கூடக் கனம் உண்டு. புரொஃபார்மா இன்வாய்ஸையே முழுமையாக எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னால் போதும். பத்துப் பக்கம் வேண்டியதில்லை.

சரக்கு விவரத்தில் கஞ்சத்தனம் கூடாது. 'தோல் பை' என்று எழுதினால் சண்டைக்கு விதை போட்டாயிற்று. ஆட்டுத்தோலா, எருமைத்தோலா, கனம் எத்தனை மில்லிமீட்டர், உட்துணி எது, கொக்கி பித்தளையா முலாமா, நிறத்தில் எவ்வளவு வேறுபாடு பொறுக்கலாம் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். தோல் இயற்கைப் பொருள், ஒரு தோலைப் போல் இன்னொன்று இருக்காது. அதை வாங்குபவர் அறிந்திருக்கிறார் என்பதையும் எழுதிக்கொள்ளலாம். ஒப்புதல் பெற்ற மாதிரிப் பை இரண்டு செய்து, இரண்டிலும் இரு தரப்பும் கையெழுத்திட்ட அட்டையைக் கட்டி முத்திரை வைத்து, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வது பழைய வழக்கம். இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. குறை இருந்தால் சரக்கு கைக்கு வந்து இத்தனை நாளுக்குள் படத்துடன் சொல்ல வேண்டும் என்ற கெடுவும் இருக்கட்டும். கெடு இல்லாத ஒப்பந்தத்தில் பணம் கட்ட வேண்டிய நாளன்றுதான் குறைகள் கண்ணில் படும்.

அடுத்தது விலைக்குப் பக்கத்தில் வரும் மூன்றெழுத்து: எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப்., எஃப்.சி.ஏ. போன்றவை. இவை இன்கோடெர்ம்ஸ் என்னும் விதிகள். 1936இல் முதலில் வந்தவை, இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு, மொத்தம் 11. யார் எதுவரை செலவு செய்ய வேண்டும், சேதத்தின் பொறுப்பு எந்த இடத்தில் கை மாறுகிறது என்பதைச் சொல்பவை இவை. எஃப்.ஓ.பி. என்றால் சரக்கு கப்பலில் ஏறும்வரை நம் பொறுப்பு. ஆனால் கன்டெய்னர் சரக்கைத் துறைமுகக் கிடங்கிலேயே ஒப்படைத்துவிடுகிறோம்; கப்பலில் ஏறுவது நாட்கள் கழித்து, நம் கண்ணுக்குத் தெரியாமல். அந்த இடைப்பட்ட நாட்களின் பொறுப்பும் நம் தலையில்தான். கன்டெய்னருக்கு, வாங்குபவர் அமர்த்திய போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்ததுமே பொறுப்பு கை மாறும் எஃப்.சி.ஏ. பொருத்தம் என்று விதிகளை வகுத்தவர்களே சொல்கிறார்கள். சி.ஐ.எஃப்.பில் கப்பல் கட்டணமும் காப்பீடும் நம்முடையவை, ஆனால் சரக்கு இங்கே கப்பலேறியதுமே சேதப் பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடுகிறது. எழுதும்போது இடத்தையும் பதிப்பையும் சேர்த்தே எழுத வேண்டும்: 'சி.ஐ.எஃப். ஹாம்பர்க், இன்கோடெர்ம்ஸ் 2020'. பணம் எப்போது வரும், சரக்கின் உரிமை எப்போது மாறும், தகராறு எங்கே தீரும் என்பது பற்றி இந்த மூன்றெழுத்து ஒரு சொல்லும் சொல்லாது. அதையெல்லாம் நாம்தான் தனியாக எழுத வேண்டும்.

எந்த நாட்டுச் சட்டம் என்ற வரியைக் கடைசி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள். சர்வதேச சரக்கு விற்பனை பற்றி 1980இல் வியன்னாவில் உருவான ஐ.நா. உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. ஜெர்மனி அதில் இருக்கிறது, இந்தியா இல்லை. ஒப்பந்தத்தில் ஜெர்மன் சட்டம் என்று எழுதினால், தனியாக விலக்கி வைக்காத பட்சத்தில் அந்த உடன்படிக்கையும் சேர்ந்தே வரும். இந்தியச் சட்டம் என்றால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் பொருந்தும்.

தகராறு தீர்க்க நீதிமன்றத்தைவிட நடுவர் மன்றத்தைப் பலரும் விரும்ப ஒரு காரணம் உண்டு. ஒரு நாட்டு நீதிமன்றத் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்றுவது கடினம். நடுவர் தீர்ப்பை 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையின்படி நிறைவேற்றலாம். இந்தியாவும் ஜெர்மனியும் அதில் இருக்கின்றன. நடுவர் மன்றத்தின் இடத்தை மும்பை என்றோ சிங்கப்பூர் என்றோ எழுதலாம். ஆயினும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: 36,000 டாலருக்காக வெளிநாட்டு ஆளை நடுவர் மன்றத்துக்கு இழுப்பது கட்டுப்படியாகாது. வழக்கறிஞர் கட்டணமே பாதியைத் தின்றுவிடும். சின்னத் தொகைக்கு உண்மையான காவல், பணம் வரும் வழியைச் சரியாக அமைத்துக்கொள்வதுதான். நடுவர் மன்றம் பற்றி ஒப்பந்தத்தில் எழுதும் வரி கடைசி ஆயுதம். அதனால்தான் இந்தக் கட்டுரையில் பணத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்தேன்.

ஒப்பந்தத்தில் அண்மைக் காலமாக நான் கட்டாயம் சேர்க்கச் சொல்லும் ஒரு வரி வங்கிக் கணக்கைப் பற்றியது. மோசடிக்காரர்கள் இரு தரப்பின் மின்னஞ்சலை வேவு பார்க்கிறார்கள். பணம் கட்டும் நாள் நெருங்கும்போது, நம் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வாங்குபவருக்கு அஞ்சல் அனுப்புகிறார்கள். அவர் நேர்மையாகப் பணம் கட்டுகிறார், அது வேறு எங்கோ போய்விடுகிறது. கணக்கு மாற்றம் ஏதும் இருந்தால், ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்துகொள்ளாமல் பணம் அனுப்பக் கூடாது என்று எழுதி வைத்தால் இந்த வாசல் அடைபடும்.

அந்த ஹாம்பர்க் ஆர்டருக்கு

என்னைக் கேட்டால் இப்படி அமைப்பேன். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி டி.பி. முறையில். விலை சி.ஐ.எஃப். ஹாம்பர்க், கப்பலை நாமே அமர்த்துவது, கப்பல் நிறுவனத்தின் பில் ஆஃப் லேடிங் 'டு ஆர்டர்' என்று. முன்பணம் தோல் செலவைத் தாங்கும். வாங்குபவர் பின்வாங்கினாலும் பட்டறை முழுகிப்போகாது. அவர் முன்பணம் தர மறுத்து எல்.சி. திறக்கிறேன் என்றால் அதுவும் நல்லதே, மேலே சொன்னபடி வரி வரியாகப் படித்த பிறகு.

இதோடு ஈ.சி.ஜி.சி. தரும் ஏற்றுமதிக் கடன் காப்பீடும் எடுத்துக்கொள்ளலாம். 1957இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், தலைமையகம் மும்பையிலேயே இருக்கிறது. வாங்குபவர் திவாலானாலோ, நெடுநாள் கட்டாமல் இழுத்தடித்தாலோ, அந்த நாட்டில் போரோ பணத் தடையோ வந்தாலோ இழப்பின் பெரும்பகுதியைத் தரும். தரம் சரியில்லை என்று வாங்குபவர் தகராறு கிளப்பினால் மட்டும் எளிதில் தராது. அவருடைய நாட்டு நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமான தீர்ப்பு கேட்கும். முத்திரை வைத்த மாதிரிப் பையின் அருமை இங்கேயும் தெரியும். வாங்குபவரின் நாணயம் பற்றி ஈ.சி.ஜி.சி. வைத்திருக்கும் மதிப்பீடும் பயன்படும். அவர்கள் காப்பீட்டு வரம்பு தரத் தயங்கும் பெயருக்கு நாமும் கடன் தரத் தயங்குவதே முறை.

ஏற்றுமதிப் பணத்துக்கு ரிசர்வ் வங்கியும் ஒரு கெடு வைத்திருக்கிறது. நெடுங்காலம் அது 9 மாதமாக இருந்தது. 2025 நவம்பரில் 15 மாதமாக நீட்டித்தார்கள். சுங்கத்துறையில் நாம் தாக்கல் செய்யும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில் ஒவ்வொன்றும் ஈ.டி.பி.எம்.எஸ். என்ற ரிசர்வ் வங்கியின் கணினி அமைப்பில் பதிவாகி, அதற்குரிய பணம் வந்து சேரும்வரை திறந்தே கிடக்கும். வாங்குபவர் தாமதித்தால் கெடு முடியும்வரை வாய்மூடி இருக்காமல், முன்பே வங்கியில் எழுதிக் கொடுத்து அவகாசம் கேட்க வேண்டும். திறந்த பில்கள் சேர்ந்துபோனால் அடுத்த ஆர்டருக்கு வங்கி கெடுபிடி காட்டத் தொடங்கும். பணம் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. முன்பணமும் மீதித் தொகையும் இரண்டு தனி வரவுகளாக வந்திருக்கும். இரண்டையும் அதே ஷிப்பிங் பில்லோடு இணைக்கச் சொல்லி வங்கியில் கேட்க வேண்டும். ஏற்றுமதிப் பணம் வங்கிக்கு வந்ததைக் காட்டும் ஈ.பி.ஆர்.சி. சான்றிதழையும் பெற வேண்டும். ஏற்றுமதிச் சலுகைகள் பலவற்றுக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதால், அதை ஆர்டரின் கோப்பில் ஒப்பந்தத்துக்கு மேலாக வைத்துப் பத்திரப்படுத்துங்கள்.